எல்லைக்கல்லும் தோட்டமும்: ஜெம்போல், தம்பின் மாவட்டங்களின் நிலமும் நிர்வாகமும்



நெகிரி செம்பிலானின் கிழக்கு விளிம்பில் இருக்கும் இரண்டு மாவட்டங்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஒன்று ஜெம்போல், பகாங் மாநிலத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது. மற்றொன்று தம்பின், ஒரு பக்கம் மலாக்கா, இன்னொரு பக்கம் ஜொகூர் என இரு மாநிலங்களை ஒட்டி நீண்டு கிடப்பது. இரண்டிலும் பெரிய நகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிரம்பானில் இருப்பவர்களுக்கே இவை தூரத்து ஊர்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு ரயில் நிலையப் பலகையில் பார்த்த பெயர்கள். ஆனால் நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் கப்பலை விட்டு இறங்கி, ரயில் ஏறி, கடைசியில் மூட்டையை இறக்கிவைத்தது இந்த மண்ணில்தான்.

இங்கே எல்லைகளுக்குப் பஞ்சமில்லை. மாநில எல்லை, மாவட்ட எல்லை, மாவட்டத்தின் உட்பிரிவான முக்கிமின் எல்லை, மலாய் மரபுவழி ஆட்சிப்பகுதிகளான லுவாக்குகளின் எல்லை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் கிடக்கின்றன. இவை எல்லாவற்றையும்விடத் தமிழரின் வாழ்க்கையை ஆழமாக முடிவு செய்தது தோட்டத்து எல்லைக்கல் என்பது என் கருத்து. அரசாங்கம் அந்தக் கல் வரை வந்தது; அதற்கு அப்பால் வெகுகாலம் வரவில்லை. ஏன் வரவில்லை, வராததால் என்ன ஆயிற்று என்பதை நிலத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

தித்திவாங்சா மலைத்தொடர் வடக்கே தாய்லாந்து எல்லையிலிருந்து இறங்கி வந்து நெகிரி செம்பிலானுக்குள்தான் தணிந்து முடிகிறது. சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் பழைய சாலையில் போனவர்கள் புக்கிட் புத்துஸ் வளைவுகளை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கணவாய்க்கு மேற்கே கடலைப் பார்த்த நிலம். ஈயம், துறைமுகம், ரயில், ஆங்கிலேயர் எல்லாம் முதலில் வந்து சேர்ந்த நிலம். கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் காற்றே மாறிவிடும். மலை மறைப்பதால் மழை குறைவு. தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்த பகுதி என்று வானிலைத் துறை சொல்வது பக்கத்து மாவட்டமான ஜெலெபுவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர். கடும் மழை நாடான மலேசியாவில் இது குறைச்சல்தான். விடியற்காலை மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, அன்றைய சம்பளமும் போயிற்று என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியும். மழை நாட்கள் குறைந்த, சரளை கலந்த செம்மண் மேடுகளை ரப்பர் கம்பெனிகள் தேடி வந்ததில் வியப்பில்லை.

ஆறுகளின் கதை இதைவிடப் பழையது. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆறு பெரா ஆற்றின் வழியே பகாங் ஆற்றைச் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. தீபகற்பத்தின் இரு கரைகளுக்கும் போகிற இந்த இரண்டு தண்ணீரும் ஜெம்போலில் ஓரிடத்தில் சில நூறு மீட்டர் தொலைவுக்கு நெருங்கி வருகின்றன. அந்த இடைவெளியில் படகைத் தரைமேல் இழுத்துக்கொண்டு போய் அடுத்த ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஜாலான் பெனாரிக்கான் என்று இன்றும் பெயர் வழங்கும் பாதை அது. மலாக்காவில் பிறந்த மானுவல் கொடின்ஹோ டி எரேடியா 1613-இல் எழுதிய நூலில் இவ்வழியைக் குறிப்பிடுகிறார். 1511-இல் மலாக்கா விழுந்தபின் சுல்தான் மஹ்மூட் ஷா பகாங்குக்குப் போனதும் இதே வழிதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, நாம் இன்று மூலை என்று நினைக்கும் ஜெம்போல் ஒரு காலத்தில் இரு கடல்களை இணைத்த நடுவிடம். முதன்மைச் சாலையும் முதன்மை ரயில்தடமும் வேறு வழியே போனபிறகுதான் அது மூலையாயிற்று. ஓர் ஊரை மூலையாக்குவதும் மையமாக்குவதும் பெரும்பாலும் நிர்வாகத்தின் வேலை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்கள் நெல் விளைவித்துக் குடியேறினார்கள். அவர்களுக்கு முன்பே தெமுவான், செமெலாய் பழங்குடியினர் இங்கே இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள். மினாங்கபாவ் மக்களின் அடாட் பெர்பத்தே முறையில் பரம்பரை நிலம் பெண்வழியே இறங்கும். ஆட்சியும் கீழிருந்து மேலே போகும்: குடும்பத்தார் கூடிக் குலத்தலைவரை ஏற்பர், குலத்தலைவர்கள் லுவாக்கின் தலைவரை ஏற்பர், சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொஹோல், ரெம்பாவ் ஆகிய நான்கின் தலைவர்களான உண்டாங்குகள் கூடி மாநில அரசரான யாங் டி-பெர்த்துவான் பெசாரைத் தேர்ந்தெடுப்பர். 1773-இல் ராஜா மெலேவார் முதல் அரசராக அமர்ந்ததிலிருந்து வரும் வழக்கம் இது. ஜெம்போல் லுவாக், உலு மூவார் முதலியவற்றோடு சேர்ந்து அரசரின் நேர்ப் பொறுப்பில் உள்ள லுவாக்குகளில் ஒன்று. தம்பினுக்குத் துங்கு பெசார் என்று தனித் தலைமை உண்டு.

இந்த முறையை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன். சொந்த நிலம், அந்த நிலத்தோடு ஒட்டிய குலம், குலத்துக்கு ஒரு குரல் என்று மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆங்கிலேயர் வந்தபின் 1909-இல் மரபுரிமை நிலச் சட்டத்தை இயற்றி, பரம்பரை நிலம் குலத்துக்கு வெளியே விலைபோகாமல் காத்தார்கள். 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. பள்ளத்தாக்கு வயல் மலாய் மக்களிடம் நின்றது. வயலுக்கு மேலே இருந்த காடும் மேடும் அரசு நிலமாகி, நீண்டகாலக் குத்தகையாகவும் நிரந்தரப் பட்டாவாகவும் கம்பெனிகளின் கைக்குப் போனது. அந்த மேட்டுக்குத்தான் நம்மவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கீழே நிலமும் குலமும் குரலும் உள்ள மக்கள். மேலே இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத மக்கள். இரு சாராருக்கும் நடுவே பகை இருக்கவில்லை. கம்பம் எனப்படும் கிராமத்து மலாய்க்காரர்கள் தோட்டத்துக்கு வந்து பழம் விற்றார்கள், நம்மவர்கள் அவர்கள் கல்யாணத்துக்குப் போனார்கள். ஆனால் நிர்வாகத்தின் கண்ணில் ஒருவர் குடியானவர், மற்றவர் கூலி.

ரயில் இதை வேகப்படுத்திற்று. தம்பின் மாவட்டத்துக் கிம்மாசிலிருந்து ஜெம்போலின் பகாவுக்கு ரயில் வந்தது 1910-இல். ரப்பர் விலை உலகச் சந்தையில் உச்சம் தொட்டதும் அதே ஆண்டில்தான். தடம் அங்கிருந்து பகாங் உள்நாட்டுக்குள் நீண்டு, 1931-இல் கிளந்தான் பக்கமிருந்து வந்த தடத்தோடு இணைந்து கிழக்குக்கரை ரயில்பாதையாக முழுமை பெற்றது. மேற்குக்கரைத் தடமும் கிழக்குக்கரைத் தடமும் பிரிகிற சந்திப்பாகக் கிம்மாஸ் பெயர் வாங்கியது. பகாவ், ரொம்பின், ஆயர் கூனிங், கிமிஞ்சே வட்டாரங்களில் தோட்டங்கள் ரயிலையும் சாலையையும் ஒட்டி வளர்ந்தன. கெடிஸ், ஜெராம் பாடாங், செனாமா, சுங்கை செபாலிங், செயிண்ட் ஹெலியர், மிடல்டன், ரீஜெண்ட் என்று நாம் இன்றும் சொல்லுகிற பெயர்களில் பாதி ஆங்கிலேயருடையது, பாதி ஆற்றினுடையது.

தோட்டத்துக்குள் யார் ஆண்டார்கள்? துரை. தோட்ட மேலாளரான அவருக்குக் கீழே கிராணி, கங்காணி, மண்டோர். வீடு துரையுடையது, தண்ணீர்க் குழாய் துரையுடையது, மருந்து கொடுக்கும் டிரெசர் துரையின் சம்பளக்காரர், கோயில் நின்ற மண்ணும் துரையின் தயவு. பள்ளிக்கூடமும் அப்படியே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் கல்வியை அரசாங்கத்தின் கடமையாக வைக்காமல் முதலாளியின் கடமையாக வைத்துவிட்டது. ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கூரை, பெயர் எழுதத் தெரிந்த ஒரு கிராணி, அதுவே பல இடங்களில் பள்ளி. நெகிரி செம்பிலானில் இன்று இருக்கும் 61 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது. நெடுங்காலம் அவற்றின் அடிமனை கம்பெனியுடையதாகவே இருந்தது. நிலம் சொந்தமில்லாத பள்ளிக்கு அரசாங்கம் பகுதி உதவியே கொடுத்தது. ஆசிரியர் சம்பளம் வரும். கூரை மாற்றப் பணம் வராது. கல்வி அமைச்சின் கோப்பில் வெறும் பிரிவுப் பெயராக நிற்கும் இந்தப் பகுதி உதவி, எத்தனை தலைமுறைப் பிள்ளைகளை ஒழுகும் கூரைக்கடியில் உட்கார வைத்தது என்பதை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாவட்ட அதிகாரி தோட்டத்துக்கு வந்தால் துரையின் பங்களாவுக்கு வருவார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வருகிற அரசு ஆள் தொழிலாளர் இலாகா ஆய்வாளரும், அபூர்வமாக மலேரியா மருந்துக்காரரும்தான். கம்பத்துக்குப் பெங்ஹுலு என்ற முக்கிம் தலைவர் உண்டு. அவர் முக்கிமின் நில வரியும் பிறப்பும் இறப்பும் வழக்கும் தெரிந்தவர். அவருடைய முக்கிமுக்குள்ளேயே தோட்டம் இருந்தாலும் தோட்டம் அவர் பேச்சில் வராது. எங்கள் வீட்டில் யாரும் பெங்ஹுலுவைப் பார்த்ததாக நான் கேட்டதில்லை.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1942 ஜனவரி 14-ஆம் நாள் கிமிஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறைந்திருந்து தாக்கினார்கள். அந்த இடத்தில் நினைவுச்சின்னம் உண்டு, ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள். 1943 இறுதியில் சிங்கப்பூரிலிருந்து யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் ஜப்பானியர் பகாவுக்கு அனுப்பிக் காட்டை அழித்துப் பயிர் செய்யச் சொன்னார்கள். மலேரியாவிலும் பட்டினியிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களோடு வந்த ஆயர் அட்ரியன் டேவால்ஸும் 1945-இல் இறந்தார். அதைப் பற்றியும் நூல்கள் உண்டு. சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தப் பாதைக்குத் தண்டவாளம் வேண்டும் என்று நம் கிழக்குக்கரைத் தடத்தின் வடபகுதியிலிருந்தும் இரும்பைப் பிடுங்கிப் போனார்கள். போருக்குப்பின் தண்டவாளம் திரும்பப் போடப்பட்டது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்கை மாவட்ட அளவில் யாரும் எடுக்கவில்லை. முக்கிமுக்கு ஒரு பேரேடு இருந்திருந்தால், அதில் லயத்து மக்களும் இருந்திருந்தால், இன்று அந்தப் பெயர்கள் நம் கையில் இருக்கும். நிர்வாகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டத்தின்படி சீனர்களுக்குப் புதுக்கிராமங்கள் அமைந்தன. தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். புதுக்கிராமத்தாருக்குக் காலப்போக்கில் மனைக்குத் தற்காலிக உரிமமும், பிறகு குத்தகைப் பட்டாவும், ஊர் மன்றமும் கிடைத்தன. வேலி எடுத்தபின் அவை ஊர்களாயின. லயத்து வேலியை எடுத்தபின் லயம் லயமாகவே இருந்தது. தொழிற்சங்கம் மட்டும் நம்மிடம் இருந்தது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கிய பி.பி. நாராயணன் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் முதன்மையானவராக நின்றார். சங்கம் கூலிக்குப் போராடியது. கூலி ஓரளவு உயர்ந்தது. மனைக்கும் ஊருக்கும் போராடுவது சங்கத்தின் வேலையா கட்சியின் வேலையா என்பது தெளிவாகவே இல்லை.

இனி, இரண்டு மாவட்டங்களிலும் கண்ணுக்கு நேராகத் தெரிகிற ஒரு வேறுபாட்டைச் சொல்கிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

1956-இல் பெல்டா என்ற கூட்டரசு நில மேம்பாட்டு ஆணையம் தோன்றியது. முதல் திட்டம் பகாங்கில் லூரா பிலுட். 1960-இல் குழுக் குடியேற்ற நிலச் சட்டம் வந்தது. ஜெம்போலில் செர்த்திங், லூயி, பாலோங், ராஜா அலியாஸ் என்று வரிசையாக பெல்டா திட்டங்கள் எழுந்தன. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம், கால் ஏக்கர் வீட்டுமனை, சாலை, பள்ளி, மருந்தகம், கடைத்தெரு. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத ஏழை மலாய்க்காரர்கள். உலகமே வந்து பார்த்துப் படித்த திட்டம் அது. அவர்கள் வாழ்வு உயர்ந்ததைக் கண்டு எனக்குக் கொஞ்சமும் மனக்குறை கிடையாது. ஏழைக்கு நிலம் கொடுத்தது அறம்.

ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் பாருங்கள். அதே மண், அதே செம்பனை, அதே மழை. மூன்று தலைமுறையாக மரம் வெட்டிய குடும்பத்துக்கு ஒரு அடி மண் சொந்தமில்லை. கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் பணம் தோட்டத்துக்குள் வராது, காரணம் அது தனியார் நிலம். அமைச்சின் அகராதியில் தோட்டம் கிராமம் இல்லை. நகராண்மைக்கு அது நகரமும் இல்லை. கம்பத்துக்குக் கிராம மேம்பாட்டுக் குழு உண்டு, அதன் வழியே விளக்கும் வாய்க்காலும் வரும். தோட்டத்துக்கு அது கிடையாது. ஏழை என்று பார்த்தால் இருவரும் ஏழை. நிர்வாகத்தில் ஒருவருக்கு முகவரி இருந்தது, மற்றவருக்கு முதலாளியின் முகவரிதான் இருந்தது.

அந்த முகவரியும் நிலைக்கவில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுக்கொண்டு போகத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளியின் மாதப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். நம் சமூகம் நிலத்தைப் பற்றிச் சரியாக யோசித்த நேரம் அது என்பேன். பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்தப் பிரிவைப் பற்றி நம்மிடையே எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டம் கைமாறும்போது யாரிடம் மனுப்போடுவது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. நில அதிகாரம் கூட்டரசுக்கு இல்லை, மாநிலத்துக்கு. கோலாலம்பூருக்கு வேன் எடுத்துப் போய் அமைச்சரைப் பார்த்த ஊர்கள் பல. சிரம்பானில் நில இலாகாவின் படியேறிய ஊர்கள் சில.

1969-க்குப் பின் வேலை பெர்மிட் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றாயிற்று. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பர். மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் பாரத்தை நிரப்பி குடிமக்களுக்குரிய நீல அட்டைக்கு விண்ணப்பிக்கத் தெரியாதது, சொல்லித்தர ஆள் இல்லாதது, கிராணி நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னது, இவைதாம் பல குடும்பங்களைப் பிரித்தன. பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடி 2011-இல் மைடஃப்தார் என்று அரசாங்கமே நாடு முழுவதும் பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்தது. விடுதலை கிடைத்து 54 ஆண்டுகளுக்குப் பிறகு.

நிர்வாகம் மக்களுக்கு எட்டாமல் நின்றதைப் பேசும் இந்த இடத்தில், ஊராட்சியை ஆராய்ந்த செனட்டர் டத்தோ ஆதி நாகப்பனை நினைவுகூராமல் போக முடியாது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் அவர். நாட்டில் அன்று 300-க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் பலவித வடிவில் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சீர்செய்ய வேண்டும், ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே மன்றத்தில் அமர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் சீரமைப்பை ஏற்றது, தேர்தலை விட்டுவிட்டது. மன்றத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர்கள், மாநில அரசு நியமிப்பது என்றாயிற்று. மலேசிய ஊராட்சி பற்றிய மிக முக்கியமான அறிக்கை ஒரு தமிழரின் தலைமையில் எழுந்தது. நம் மேடைகளில் அவருடைய பெயர் வருகிறது, அந்த அறிக்கை வருவதில்லை. தமிழில் அதன் சுருக்கமாவது வெளிவர வேண்டும் என்று இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளைக்கு விண்ணப்பம் வைக்கிறேன்.

1980-இல் கோலப்பிலாவிலிருந்து பிரிந்து ஜெம்போல் தனி மாவட்டமாயிற்று. ஜெலாய், கோலா ஜெம்போல், ரொம்பின், செர்த்திங் ஹிலிர், செர்த்திங் உலு என ஐந்து முக்கிம்கள். பரப்பளவு ஏறத்தாழ 1,490 சதுர கிலோமீட்டர். கடைகளும் மக்களும் பகாவில் இருக்க, அலுவலகங்கள் பண்டார் ஸ்ரீ ஜெம்போலில் எழுந்தன. பகாவிலிருந்து கெராத்தோங் வரை பகாங்குக்குள் போகும் நெடுஞ்சாலை வந்தது. பெல்டா நிலங்களுக்கு அரசாங்கத்தைப் பக்கத்தில் கொண்டுவந்த மாவட்டம் அது, அந்த வகையில் நல்ல காரியம். நம்மவர்களுக்குக் கோலப்பிலாவுக்குப் போகும் வேலை குறைந்தது. ஆனால் அலுவலகம் பக்கத்தில் வந்த அதே ஆண்டுகளில் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை நின்றது, ஆள்தேவை குறைந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், நம் பிள்ளைகள் சிரம்பானுக்கும் சிலாங்கூர்த் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள்.

தம்பின் மாவட்டத்தின் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மாநில எல்லை ஊர் நடுவே ஓடுகிறது. மலாக்காவை அடுத்த நானிங்கில் நடந்த போருக்குப்பின் 1833-இல் மலாக்காவின் ஆங்கிலேயர்கள் ரெம்பாவோடும் ஜொஹோலோடும் எல்லை வகுத்துக்கொண்டார்கள். அன்று காட்டுக்குள் போட்ட கோட்டின் மேலே பின்னாளில் கடைத்தெரு வளர்ந்தது. தம்பின் நகரம் நெகிரி செம்பிலானில். தம்பினுக்கு என்று கட்டிய ரயில் நிலையம் இருப்பது மலாக்காவின் பூலாவ் செபாங்கில். பலகையில் இரண்டு பெயரும் எழுதியிருக்கிறது. கிம்மாசும் அப்படியே: நிலையமும் பழைய ஊரும் இங்கே, கிம்மாஸ் பாரு ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில். தம்பின் மாவட்டத்தின் தலைநகர் ஒரு கோடியில், கிம்மாஸ் மறுகோடியில். அதனால் கிம்மாசுக்கென்று துணை மாவட்ட அலுவலகம் வைத்திருக்கிறார்கள்.

எல்லையோரத் தோட்டத்துக்காரர்களுக்கு இது அன்றாட விஷயம். வீடு ஒரு மாநிலம், சந்தை ஒரு மாநிலம், பிள்ளை படிக்கும் பள்ளி ஒரு மாநிலம். ரப்பர் மரத்துக்கும் கம்பெனிக்கும் மாநிலம் தெரியாது. ஒரே நிறுவனத்தின் தோட்டங்கள் கிமிஞ்சேயிலும் ஜொகூர்ப் பக்கமும் தொடர்ந்து கிடக்கின்றன. ஆனால் மாநில உதவிநிதிக்கு விண்ணப்பித்தால் முகவரி எந்த மாநிலம் என்று கேட்பார்கள். கோயில் நிலத்துக்கு மனுப்போட்டால் எந்த மாநில நில இலாகா என்பது முதல் கேள்வி. ஒரு கோயில் நிர்வாகத்தார் சில ஆண்டுகள் தவறான மாநிலத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததை நான் அறிவேன். அவர்கள் மேல் குற்றமில்லை. எல்லைக்கல் எங்கே என்று அவர்களுக்குக் காட்ட யாரும் இருக்கவில்லை. மூவார் ஆறு நெகிரி செம்பிலானில் பிறந்து ஜொகூரில் கடல் சேருகிறது. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் சிகாமட் பக்கம் பெருவெள்ளம் வந்தபோது, தண்ணீர் மாநில எல்லையைப் பார்க்காமல் வந்தது. நிவாரணம் எல்லையைப் பார்த்துத்தான் வந்தாக வேண்டும். நிர்வாகத்தின் இயல்பு அது. அதை அறிந்திருப்பது நம் கடமை.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். தோட்டங்கள் திரும்பி வரப்போவதில்லை. லயங்கள் பல இடித்தாயிற்று. மிஞ்சியிருப்பவை பள்ளி, கோயில், இடுகாடு. இந்த மூன்றும் இருக்கிற மண் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நில அலுவலகத்தில் பட்டா எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அதிகாரப்பூர்வத் தேடல் அறிக்கை கிடைக்கும். உரிமையாளர் யார், நிலம் விவசாயமா கட்டடமா, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, அடமானம் உண்டா எல்லாம் அதில் வரும். குத்தகை முடியப்போகும் நிலத்தில் கோயில் இருந்தால், முடிவதற்கு முன்பே மாநில அரசிடம் போக வேண்டும். புல்டோசர் வந்தபின் போனால் பேச ஒன்றும் இருக்காது. இடுகாட்டை நாம் எப்போதும் மறக்கிறோம். கங்காணியும் பாட்டியும் புதைந்த மண்ணை ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கேட்க வேண்டியது நாம்.

ஊராட்சி மன்றத்துக்கு நியமனம் பெறுகிற நம் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். கோயில் திருவிழாவுக்கு மானியம் வாங்கித் தருவது நல்லதுதான். அதைவிடப் பெரிய வேலை, தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் குடியிருக்கும் மலிவு வீடமைப்புப் பகுதிகளின் வடிகால், குப்பை, பஸ், தெருவிளக்கு. மாவட்ட வளர்ச்சித் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது அதைப் படித்து ஆட்சேபம் எழுத வேண்டும். தோட்டமாக இருந்த நிலம் எப்போது தொழிற்பேட்டையாகும், எப்போது வீடுகளாகும் என்பது அந்த வரைபடத்தில்தான் முதலில் தெரியும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நமக்கென்று ஒரு வரைபடம் வேண்டும். முக்கிம்வாரியாக, இருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றும்: எந்த டிவிஷன், லயம் எங்கே, பள்ளி எங்கே, பிரட்டுக்களம் எங்கே, கோயில் எங்கே, இடுகாடு எங்கே, எந்த ஆண்டு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறிற்று. இதற்கான சான்று பெரிய நூலகங்களில் கிடைக்காது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய சம்பளச் சீட்டு, திருவிழா அழைப்பிதழ், சங்க உறுப்பினர் அட்டை, பெர்மிட் காகிதம், பால் நிறுத்த நோட்டுப்புத்தகம், இவை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. வீட்டைக் காலிசெய்யும்போது முதலில் எரிக்கப்படுபவையும் இவைதாம். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

இந்த மண்டபத்தின் வாசலருகே மேசையில் ஜெம்போல், தம்பின் மாவட்டங்களின் நில அளவை வரைபடத் தாள்களை விரித்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் பென்சில் இருக்கிறது. கெடிஸ், ஜெராம் பாடாங், ரீஜெண்ட் என்று நீங்கள் பிறந்த இடத்தைக் கண்டுபிடித்து, பள்ளியையும் கோயிலையும் இடுகாட்டையும் குறித்து, குறித்தவர் பெயரையும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கிருந்தீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதிவிட்டுப் போங்கள். மற்ற டிவிஷன்களில் இருந்தவர்கள் யார் என்று தெரிந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். தாள்களை அடுத்த மாதமும் இங்கேயே வைத்திருப்போம்.